இருமலுக்கு மேல்காற்றை மட்டும் குறை சொல்லலாமா? வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி ஓர் இழை

27 மே 2024, காலை. கன்னடியன்கால் (கேள்வி)

எங்கள் வீடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் சேரன்மகாதேவியில் இருக்கிறது. அம்மாவுக்கு அறுபத்தொரு வயது. ஒரு வருடமாக இரவில் இளைப்பும் வறட்டு இருமலும் இருக்கின்றன. வீட்டில் பத்து ஆண்டுகளாக எரிவாயு அடுப்புதான். யாரும் புகை பிடிப்பதில்லை. தெருவில் மண் பறப்பதைத் தவிர வேறு புகையே கிடையாது. பன்னிரண்டாயிரம் ரூபாயில் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கலாமா, எந்த அளவு போதும் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

27 மே 2024, இரவு. காயில்கடை

முதலில் அம்மாவைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ உங்களுக்குப் பழக்கமான நெஞ்சு மருத்துவரிடமோ அழைத்துச் சென்று, குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் திறனைப் பார்க்கும் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் எந்திரத்தைப் பற்றிய பேச்சு.

"வேறு புகையே கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்குச் சந்தேகம். நம் ஊரில் அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீரையும் இருமலுக்கு மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றையும் காரணமாகச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். இரவில் கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறீர்களா? செவ்வாய், வெள்ளியில் சாம்பிராணி போடுகிறீர்களா? வெந்நீருக்காகப் புறவாசலில் கதம்பையும் (தேங்காய் மட்டை) சிரட்டையும் எரிகின்றனவா? இவற்றில் ஒன்று இருந்தாலும் புகை இருக்கிறது என்றுதான் பொருள்.

கொசுவர்த்தியை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. அத்தனையும் ஒருவருடைய நெஞ்சுக்குள் போய்விடும் என்பது இதன் பொருளல்ல. ஆனால் சன்னலை அடைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் அதே அறையில் படுத்திருப்பவருக்கு அதில் ஒரு நல்ல பங்கு கிடைத்துவிடும். நுண்துகள் என்று இங்கே சொல்வது 2.5 மைக்ரானுக்கும் சிறியவற்றை. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான் என்பதால், இவை கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிய வாய்ப்பில்லை. ஒரு கன மீட்டர் காற்றில் இவை நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நம் நாட்டின் வரம்பு 60. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுருளை ஏற்றி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே சுத்திகரிப்பானையும் ஓட்டுவது, ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் கீழே சட்டி வைப்பதைப் போன்றது. முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கொசுவலை கிடைக்கிறது. அதை வாங்குங்கள்.

28 மே 2024. காயில்கடை

திரவக் கொசுவிரட்டி பரவாயில்லையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் புகை இல்லை. ஆனால் டிரான்ஸ்ஃபுளூத்ரின் போன்ற பூச்சிக்கொல்லியைச் சூடாக்கி ஆவியாக அறைக்குள் விடுவதுதான் அதன் வேலை என்பதை மறக்க வேண்டாம். இளைப்பு உள்ளவர் படுக்கும் அறையில் வலைதான் சரி. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும் என்பதால், தொட்டில் குழந்தைக்குப் பகலிலும் வலை வேண்டும்.

29 மே 2024. காயில்கடை

பாளையங்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். கடைக்கு வரும் எக்சாஸ்ட் ஃபேன்களில் பாதி உண்மையில் எரிந்து போனவையே அல்ல. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து இறக்கையில் ஒரு விரல் கனத்துக்குப் பாசி போலப் படிந்திருக்கும். அதைப் பழைய கத்தியால் சுரண்டி மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். அந்தப் பிசுக்கு முழுவதும் அடுக்களையில் நிற்பவர் மூச்சில் கலந்திருக்க வேண்டியது. ஃபேன் நின்ற நாளிலிருந்து உண்மையிலேயே கலந்துகொண்டிருந்தது.

கணக்கு எளிது. பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரமுள்ள அடுக்களையின் கொள்ளளவு 800 கன அடி, அதாவது ஏறத்தாழ 23 கன மீட்டர். அதன் காற்று மணிக்குப் பதினைந்து முறை மாற வேண்டுமென்றால் மணிக்கு 340 கன மீட்டர் அளவுக்கு வெளியே தள்ளும் ஃபேன் வேண்டும். ஒன்பது அங்குல ஃபேன் தாராளமாகப் போதும். ஆனால் எவ்வளவு காற்று வெளியே போகிறதோ அவ்வளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். அடுக்களைக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு ஃபேனைப் போட்டால் அது காற்றுக்காகத் திணறும், கிடைத்தால் கழிப்பறைப் பக்கத்திலிருந்தும் இழுக்கும்.

எரிவாயுவைச் சுத்தமான எரிபொருள் என்று சொல்வது விறகோடு ஒப்பிட்டுத்தான். அதன் சுடரிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது, அது இளைப்பைத் தூண்டக்கூடியது. அடுப்பை மின் தூண்டல் அடுப்பாக மாற்றினால் அந்த வாயு நின்றுவிடும். மிளகாய் வற்றல் தாளிக்கும் புகையும் கருவாடு பொரிக்கும் புகையும் எந்த அடுப்பிலும் அப்படியேதான் இருக்கும். சிம்னி வாங்குபவர்கள் குழாய் சுவருக்கு வெளியே போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழாய் இல்லாத வகை, புகையை வடிகட்டி மறுபடியும் உங்கள் முகத்தின் மேலேயே ஊதும்.

ஃபேனைப் புறவாசல் பக்கச் சுவரில் அடுப்புக்கு நேர் மேலே பொருத்திவிடுங்கள். வேறு யோசனை தேவையில்லை.

2 ஜூன் 2024. காயில்கடை

செடி வைத்தால் போதுமா என்ற கேள்விக்கு: அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா 1989-இல் செய்த சோதனை, மூடிய சிறிய பெட்டிக்குள் நடந்தது. அந்த வகை ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2019-இல் கணக்கிட்டுப் பார்த்தபோது, சன்னலைத் திறப்பதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று தெரிந்தது. பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஆயிரம் தொட்டி வைத்தால் நாம் வெளித் தாழ்வாரமான தார்சாவில்தான் படுக்க வேண்டும். ஒரு விதத்தில் அது நல்ல காற்றுதான்.

11 ஜூன் 2024. காயில்கடை

மகள் சென்னையிலிருந்து நுண்துகள் அளக்கும் கருவி ஒன்றை வரவழைத்திருக்கிறாள். பிரசவத்துக்கு வந்தவள், குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகிறது. கருவி உள்ளங்கை அளவுதான் இருக்கிறது. ஒரு வாரமாக நான் அதைப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு முழுவதும் அலைகிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

முதல் நாள் நான் சொன்ன 15, 60 என்ற எண்களின் அதே அளவில்தான் இந்தக் கருவியும் எண் காட்டுகிறது. விடியற்காலையில் பட்டாசலில் எண் இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் நிற்கிறது. அப்பளம் பொரித்தபோது இருநூறைத் தாண்டியது. பூசை அறையில் இரண்டு ஊதுபத்திகள் எரிந்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கருவி வந்த புதிதில் ஒரு நாள் காலை குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு என் மனைவியின் அத்தை சாம்பிராணிச் சட்டியை வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து, குழந்தையின் தலையை அதன்மேல் காட்டினார். எண் 999-இல் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் காட்ட அந்தக் கருவியில் இடமில்லை.

அத்தையிடம் சொன்னேன். "ஒன்னையும் இப்படித்தான வளத்தாவ, நீ என்ன கெட்டா போயிட்ட?" என்று கேட்டார். என் சட்டைப் பையில் இருந்த இன்ஹேலரை எடுத்துக் காட்டினேன். கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. குழந்தையின் தலையைப் பருத்தித் துண்டால் துவட்டி இளவெயிலில் உலர்த்துவது. பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டுபோன பிறகு, சன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் சாம்பிராணி போடுவது. கால் மணி நேரம் கழித்துத்தான் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது. இப்படி நான்கு நாட்கள் நடந்தன. ஐந்தாம் நாள் நான் கடைக்குப் போன பிறகு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

16 ஜூன் 2024. காயில்கடை

முக்கூடலில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது கருவியையும் எடுத்துச் சென்றேன். அக்கா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். புகையிலைத் தூள் இருந்த சுளகுக்கு (முறத்துக்கு) பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண் 24 என்றுதான் காட்டியது. ஆகவே பீடித்தூளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று தெரிகிறது. பற்றவைத்தால்தான் பீடியால் தீமை போலிருக்கிறது.

அக்காவிடம் சொன்னபோது அவள் தும்மிவிட்டு, "நான் இத்தன வருசமா மோந்துக்கிட்டு இருக்கேன், ஒன் பொட்டிக்கு மட்டும் தெரியலையாக்கும்" என்றாள்.

30 ஜூன் 2024. காயில்கடை

வீட்டைப் பெருக்குவதைப் பற்றி ஒன்று தோன்றியது. வாசலைப் பெருக்குவதற்கு முன்னால் தண்ணீர் தெளிக்கிறோம், மண் பறக்கக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதே கையால் வீட்டுக்குள் வரும்போது மட்டும் காய்ந்த தரையில் பூந்துடைப்பத்தால் தூசியைக் கிளப்பிவிட்டு, எல்லாம் பறந்து முடிந்த பிறகு ஈரத்துணியால் துடைக்கிறோம். வரிசையை மாற்றி முதலில் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. "அப்ப நீங்களே தொடைங்க" என்பதுதான் அந்த எதிர்ப்பு. இப்போது நான்தான் துடைக்கிறேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய பிறகு தென்காசிப் பக்கத்து வாசகர் ஒருவர், மழைத்தூறலில்கூட எண் எண்பது காட்டுகிறது, மலைக்காற்று இவ்வளவு மோசமா என்று கேட்டிருந்தார். இந்த வகைக் கருவி, துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஈரப்பதம் மிகும்போது துகள்கள் நீரை உறிஞ்சிப் பெருத்துவிடும், பனித்துளியும் துகளாகவே தெரியும். சாரல் நாளின் எண்ணை நம்ப வேண்டாம்.

19 ஜூலை 2024. காயில்கடை (திருத்தம்)

மே 29 அன்று நான் எழுதியதில் கடைசி வரியை அடித்துவிடுங்கள். "வேறு யோசனை தேவையில்லை" என்று எழுதிய ஆள் இப்போது அடுக்களையில் கண்ணெரிச்சலோடு நிற்கிறான்.

எங்கள் புறவாசல் மேற்கே பார்த்தது. ஆடி பிறந்து மூன்று நாட்கள் ஆகின்றன. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் மேல்காற்று, கயத்தாற்றில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே வேகத்தில் என் எக்சாஸ்ட் ஃபேனையும் பின்னோக்கிச் சுற்றுகிறது. சுவிட்சைப் போடாதபோதே அது சுற்றுவதைப் பார்த்துவிட்டு, மின்சாரம் மிச்சம் என்று என் மருமகன் கேலி செய்தான். சுவிட்சைப் போட்டால் இரண்டு காற்றும் மோதி, தாளித்த புகை அப்படியே திரும்பி இரண்டாங்கட்டுக்குள் போகிறது. தொழில் தெரிந்தவன் என்ற திமிரில் திசையைப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

ஆனி முதல் புரட்டாசி வரை நம் பக்கத்தில் மேற்கிலிருந்துதான் காற்று. ஆகவே மேற்குச் சன்னலைக் காற்று உள்ளே வருவதற்கும், கிழக்குச் சுவரைப் புகை வெளியே போவதற்கும் வைத்துக்கொள்வது இயற்கையோடு ஒத்துப் போகும். ஐப்பசியில் கிழக்கிலிருந்து கொண்டலும் வடக்கிலிருந்து வாடையும் தொடங்கிவிட்டால் இது தலைகீழாகும். இரண்டு பருவத்துக்கும் பொருந்த வேண்டுமென்றால் ஃபேனுக்கு வெளியே கீழ்நோக்கி வளைந்த தகர மூடி ஒன்றை வைத்து, நிறுத்தும்போது தானாக மூடிக்கொள்ளும் மடிப்புத் தகடுகளையும் பொருத்த வேண்டும். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே கூரையைத் துளைத்துப் புகைக்கூண்டு வைத்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து காற்று வந்தாலும் சூடான புகை மேலேதான் போகும். மாடி கட்டும்போது அந்தக் கூண்டை இடித்தது என் அப்பா. அதற்கு ஆட்களைக் கூட்டி வந்தது நான்.

24 ஜூலை 2024. காயில்கடை

பெயின்ட் வாசனையைப் பற்றிக் கேட்டவருக்கு: வாசனை இருக்கும் வரை கரைப்பான் ஆவி வந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சன்னலைத் திறந்து போட்டு, அந்த அறையில் படுப்பதைத் தள்ளிப் போடுங்கள். பழைய கதவு, சன்னல்களைத் தேய்த்துப் புதிதாக அடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த பூச்சில் ஈயம் இருக்கலாம் என்பதால், உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு வேலை செய்யுங்கள். காயிலை முக்கி எடுக்கும் வார்னிஷ் டப்பா ஒன்றை நானே பல வருடங்களாக வீட்டுப் பரணில் வைத்திருந்தேன். இன்றுதான் கடைக்குக் கொண்டுபோனேன்.

4 ஆகஸ்ட் 2024. காயில்கடை

2020-இல் அமெரிக்காவில் கோர்சி, ரோசந்தால் என்ற இருவருடைய யோசனையில் உருவான பெட்டியைப் பற்றிப் படித்தேன். நான்கு வடிகட்டித் தாள்களைச் சதுரமாக நிறுத்தி, மேலே ஒரு சாதாரண ஃபேனை வைத்து ஒட்டினால் சுத்திகரிப்பான் தயார். நமக்குத்தான் கையில் ஃபேன் இருக்கிறதே என்று நானும் செய்து பார்த்தேன். அவர்கள் சொன்ன தாள் கிடைக்காததால் ஹெப்பா வடிகட்டி ஒன்றை வாங்கி, ஆறங்குல எக்சாஸ்ட் ஃபேனோடு பொருத்தினேன். காற்று வரவேயில்லை. அரை மணி நேரத்தில் மோட்டார் சுட்டது. ஹெப்பா 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கக்கூடிய அளவுக்கு அடர்த்தியானது. அதன் வழியே காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும், இறக்கை ஃபேனுக்கு அந்த அழுத்தம் கிடையாது, புளோயர்தான் வேண்டும். இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. இருபத்தாறு வருடங்களாக இதைத்தான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

21 ஆகஸ்ட் 2024. கன்னடியன்கால்

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். கொசுவர்த்தியை நிறுத்திவிட்டோம், வலை கட்டிவிட்டோம். அடுக்களை ஃபேனைக் கிழக்குச் சுவருக்கு மாற்றியாயிற்று. மருத்துவர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். இரவு இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது, பகலில் குறையவில்லை. பரிசோதனையின்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவர் அம்மாவிடம் கேட்டார். வீட்டில் சும்மாதான் இருக்கிறேன் என்று அம்மா சொன்னார். வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா முப்பத்தைந்து வருடங்களாகப் பீடி சுற்றுகிறார். இப்போதும் தினமும் எழுநூறு, எண்ணூறு சுற்றுகிறார். தூள் பை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். அண்ணாச்சி ஜூன் மாதம் தூளுக்கு எண் ஏறவில்லை என்று எழுதியிருந்ததால், அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

22 ஆகஸ்ட் 2024. காயில்கடை

நேற்று இரவு இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜூன் 16 அன்று நான் எழுதியது தவறு, அக்கா சொன்னதுதான் சரி.

அந்தக் கருவி பிடிப்பது பெரும்பாலும் புகைத்துகளைப் போன்ற மிகச் சிறியவற்றை. புகையிலைத் தூளில் பெரும்பகுதி அதைவிடப் பெரியது. கருவியின் துளைக்குள் சரியாகப் போகாது, போனாலும் ஒழுங்காக எண்ணப்படாது. மூக்குக்கும் தொண்டைக்கும் அந்தத் தடை கிடையாது. பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி உறுத்துகின்றன, அவற்றில் சிறியவை மூச்சுக்குழாய் வரை போகின்றன. ஈரக்கை வழியாக நிகோட்டின் தோலுக்குள்ளும் இறங்குகிறது. ஒரு பீடிகூடப் பிடிக்காத தொழிலாளர்களின் சிறுநீரிலும் நிகோட்டின் சிதைந்து உண்டாகும் கோட்டினின் காணப்பட்டிருக்கிறது. 24 என்ற எண்ணைக் காட்டியது கருவியின் குற்றமல்ல. அதனால் அளக்க முடியாததை அளக்கச் சொல்லி, அது கொடுத்த விடையை வைத்து உங்களுக்குத் தீர்ப்பு எழுதியது நான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். என் அம்மாவும் பீடி சுற்றியவர்தான். இலையை ஈரச் சாக்கில் மடித்து வைத்திருப்பார். தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டிய இலையில் தூளைப் போட்டு உருட்டி, நூலைச் சுற்றி, குச்சியால் முனையை மடக்குவது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தூள் பையை அவிழ்க்கும்போது வீட்டில் எல்லாரும் வரிசையாகத் தும்முவோம், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. சித்திரை வெயிலில்கூட மேலே ஃபேன் ஓடாது, சன்னல் திறக்காது. காற்றடித்தால் தூள் பறக்கும். பறந்த தூளுக்குக் கடையில் கணக்குக் கேட்பார்கள். எத்தனை பீடிக்கு எவ்வளவு தூள் என்று நிறுத்துத்தான் கொடுப்பார்கள், குறைந்தால் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். அம்மா இருமும்போது பனி என்போம், மேல்காற்று என்போம். 2011-இல் அவர் தவறும் வரை இந்தத் தொழிலையும் அந்த இருமலையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை. இந்த இழையில் முதல் நாள் உங்களிடம் கொசுவர்த்தியைக் கேட்டேன், சாம்பிராணியைக் கேட்டேன், கதம்பையையும் சிரட்டையையும் கேட்டேன். சேரன்மகாதேவியில் அறுபது வயதுப் பெண் என்று தெரிந்த பிறகும் பீடி சுற்றுகிறாரா என்று கேட்கத் தோன்றவில்லை. அது நாங்கள் படித்த காசு, அதைப் புகையோடும் தூசியோடும் சேர்த்து எண்ண மனம் வரவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மருத்துவரிடம் மறுபடியும் போய்த் தொழிலைச் சொல்லுங்கள். தூள் பையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, மூடியுள்ள டின்னில் போட்டுத் தார்சாவில் வையுங்கள். சுற்றும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டாம். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், வாரியலை (துடைப்பத்தை) எடுக்க வேண்டாம். சோற்றில் கை வைக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். சேலையை மாற்றிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். வேலையை விட்டுவிடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

காற்றைப் பற்றி மட்டும் நான் ஏதாவது செய்ய முடியும். உங்கள் வீட்டின் அளவை எழுதுங்கள்.

9 செப்டம்பர் 2024. காயில்கடை

நேற்று ஞாயிற்றுக்கிழமை சேரன்மகாதேவிக்குப் போய் வந்தேன். பழைய ஆறங்குல ஃபேனுக்கு மெதுவாகச் சுற்றும்படி புதிதாகக் காயில் கட்டி, ரெகுலேட்டரும் வைத்து எடுத்துப் போயிருந்தேன். வழக்கமாக எக்சாஸ்ட் ஃபேன் கூரைக்குப் பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் புகை மேலே போகும். தூள் கீழே விழுவது. ஆகவே கிழக்குச் சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் துளை போட்டோம். அம்மா மேற்கு வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால், காற்று அவருடைய முதுகுப் பக்கமிருந்து வந்து, சுளகின் மேல் தவழ்ந்து, முகத்துக்கு ஏறாமல் வெளியே போகும்.

வேகத்தை முடிவு செய்வதுதான் நேரம் எடுத்தது. ஒரு தாளில் ஒரு சிட்டிகைத் தூளை வைத்து, அது அசையாத அளவுக்கு ரெகுலேட்டரைக் குறைத்தோம். பிறகு காற்று உண்மையிலேயே நகர்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுபத்தியை ஏற்றினேன். இழை முழுவதும் ஊதுபத்தியைத் திட்டிவிட்டு அதையே பற்றவைத்ததற்கு என்னைக் கேலி செய்யலாம். புகை கோடு போலச் சாய்ந்து துளைக்குள் போனது.

அந்த அம்மா வெகுநேரம் சுளகையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூளு கொறஞ்சா ஒங்ககிட்டதான் கேப்பேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2 நவம்பர் 2024. காயில்கடை

தீபாவளி இரவில் என் கருவி மறுபடியும் 999-ஐப் பார்த்தது. வெளிக்காற்று உள்காற்றைவிட மோசமாக இருக்கும் இரவுகள் வருடத்தில் மிகச் சிலதான், அது அவற்றில் ஒன்று. சன்னலை அடைத்துக்கொண்டு, விடிந்த பிறகு திறந்தோம். அப்படிப்பட்ட இரவுக்கும், தெருவோர வீட்டுக்கும் சுத்திகரிப்பான் உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மே மாதத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே அதைத் தட்டிவிட்டேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் 41 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை வடிகட்ட 200 கன மீட்டருக்குக் குறையாமல் தூய காற்றைத் தரும் திறன் வேண்டும். பெட்டியின் மேல் அந்த எண் இருக்கும். மாற்று வடிகட்டியின் விலையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஓசோன் விடும் வகை மட்டும் வேண்டவே வேண்டாம், அந்த வாயுவே நுரையீரலை உறுத்தும்.

ஏசி அறைக்குப் புதுக்காற்று தேவையில்லை என்று எழுதியிருந்தவருக்கு: வீட்டில் மாட்டும் ஸ்பிலிட் ஏசி அறையில் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவருவதில்லை. வெளிக்காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 420 பிபிஎம். பத்துக்குப் பத்து அறையை அடைத்துக்கொண்டு மூன்று பேர் தூங்கினால் விடிவதற்குள் அது 2,000-ஐ எளிதாகத் தாண்டிவிடும். காலையில் தலை கனப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கதவை இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வையுங்கள்.

20 டிசம்பர் 2024. காயில்கடை

சுவரில் பூஞ்சை பிடித்திருப்பதாக நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையின்போது, வண்ணாரப்பேட்டையில் அப்போது இருந்த என் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. அவசரத்தில் ஒரு வேலை செய்தேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தரையில் ஊற்றிவிட்டு, கறை போகவில்லை என்று கழிப்பறை கழுவும் ஆசிடையும் அதன்மேல் விட்டேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூச்சடைத்து ஓடிவந்து தெருவில் உட்கார்ந்துவிட்டேன். என் இன்ஹேலரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஜூனில் அத்தையிடம் அதைச் சாம்பிராணியின் கணக்கில் எழுதியது நியாயமில்லை. அவரிடமும் சொல்லிவிட்டேன், அவர் இதற்காகவே காத்திருந்ததைப் போலச் சிரித்தார்.

பூஞ்சைக்கு முதலில் ஈரம் வரும் வழியை அடையுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள், காய்ந்தபடி சுரண்டினால் விதைத்தூள் வீடு முழுவதும் பறக்கும். நன்றாக உலர்ந்த பின் சுண்ணாம்பு அடியுங்கள். அதன் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது, சுவரின் ஈரமும் அதன் வழியே வெளியேறும். ஈரச் சுவரின் மேல் பிளாஸ்டிக் பெயின்டை அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, அடுத்த கார்த்திகையில் உரியும்.

மெத்தையைப் பற்றிக் கேட்டவருக்கும் இதே பதில்தான். மெத்தையில் வளரும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிக்கு ஈரமும் நம் தோல் பொடியும் போதும், இலவம் பஞ்சில் இரண்டும் தங்கும். இளைப்பு உள்ளவருக்குப் பத்தமடைப் பாய் நல்லது. தலையணை உறையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுங்கள்.

15 ஜனவரி 2025. காயில்கடை

பொங்கலுக்கு வாசலில் பனையோலை எரித்ததற்கு எண் எவ்வளவு என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் அளக்கவில்லை. அது திறந்த வாசல், வருடத்துக்கு ஒரு நாள்.

இன்று மாட்டுப் பொங்கல், கடை விடுமுறை. சேரன்மகாதேவிக்குப் போய் அந்த ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். கொண்டல் தொடங்கிய பிறகு காற்று எதிர்க்காமல் இருக்க வெளியே தகர மூடி ஒன்றும் வைத்தேன், அதை ஐப்பசியிலேயே வைத்திருக்க வேண்டும். நான்கு மாதங்களில் தூள் ஒரு முறைகூடக் குறையவில்லை என்றார் அந்த அம்மா. இருமலைப் பற்றிக் கேட்டதற்கு, "இருக்கு, முன்ன மாதிரி இல்ல" என்றார். இன்ஹேலரால் எவ்வளவு, ஃபேனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை.

அடுக்களை ஃபேனைப் போல இந்த இறக்கையில் பிசுக்கு இல்லை. மூன்று இறக்கைகளின் முன்விளிம்பிலும் பழுப்பு நிறத்தில், மாவு போல மென்மையாக, நகத்தின் கனத்துக்குப் படிந்திருந்தது. ஈரத்துணியால் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. துணியை உதறப் புறவாசலுக்குப் போனேன். அடுத்தடுத்து நான்கு முறை தும்மினேன். உள்ளேயிருந்து அவருடைய பேரப்பிள்ளைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.